உப்புப் பாத்தியும் கணினிக் கொத்தும்

பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு எவ்வளவு விலையில் மடிகணினி வாங்க வேண்டும் என்று வண்ணாத்திவில்லுப் பக்கத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. சில வாப்பாமார் அந்த விலையை நினைத்தே, "கணிதப் பிரிவு வேணாம் மகள், நம்மால ஏலாது" என்று சொல்லிவிடுகிறார்கள். நான் துணிக்கைப் பௌதிகவியலில் முதுமாணி ஆய்வு செய்கிறேன். உலகில் மிக அதிகமான கணிப்பு வலு தேவைப்படும் துறைகளில் அதுவும் ஒன்று. ஆனாலும் என்னிடம் இருப்பது, இன்னொருவர் பாவித்து விற்ற, 4 ஜிகாபைட் நினைவகம் கொண்ட மடிகணினிதான். அதற்கு விசைப்பலகையும் திரையும் இருந்தால் போதும். கணக்கு நடப்பது வேறோர் இடத்தில். அந்த வேறோர் இடத்தைத்தான் கணினிக் கொத்து என்கிறோம், பேச்சில் கிளஸ்டர். அது என்ன, அதில் முதல்நாள் எப்படி நுழைவது என்பதைப் பெற்றோருக்கும் விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் தேவை எவ்வளவு பெரியது என்பதைப் பார்ப்போம். சுவிற்சர்லாந்தின் ஜெனீவாவுக்கு அருகே, பிரான்ஸ் எல்லையையும் கடந்து, நிலத்துக்கடியில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள ஒரு வளையம் இருக்கிறது. 1954இல் தொடங்கப்பட்ட சேர்ன் ஆய்வுகூடத்தின் பெரும் மோதுவி அது. புரோத்தன்கள் அதற்குள் எதிரெதிராக ஓடி மோதுகின்றன. மோதும் இடங்களில் ஒன்றைச் சுற்றி 14,000 தொன் நிறையுள்ள சி.எம்.எஸ். என்ற உணர்கருவி நிற்கிறது. புரோத்தன் கூட்டங்கள் அதன் நடுவே ஒரு செக்கனில் 4 கோடி தடவை ஒன்றையொன்று கடக்கின்றன. அத்தனையையும் எழுதிவைக்க உலகில் எந்தக் களஞ்சியமும் போதாது. ஆகவே முதல் வடிகட்டலை வேகமான மின்சுற்றுகள் செய்து, செக்கனுக்கு ஓர் இலட்சம் அளவுக்குக் குறைக்கின்றன. அடுத்த வடிகட்டலைக் கணினிகள் செய்து, ஆயிரம் என்ற அளவுக்குக் கொண்டுவருகின்றன. எஞ்சுவது மட்டுமே சேமிக்கப்படும்.

புத்தளத்துப் பிள்ளைகளுக்கு இது புதிய கதையல்ல. பாலாவிப் பக்கம் போகும்போது உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். களப்பு நீரை முதலில் பெரிய தேக்கங்களில் நிறுத்திச் செறிவாக்குவார்கள். பிறகுதான் சிறு பாத்திகளுக்கு விடுவார்கள். 1,000 லீற்றர் கடல்நீரில் இருப்பதே ஏறத்தாழ 35 கிலோ உப்புத்தான். மற்றதெல்லாம் போக வேண்டியது. சேர்னிலும் பெரும்பகுதி போக வேண்டியதுதான்.

உப்பளம் இன்னொன்றையும் சொல்லித் தருகிறது. கணினிக் கொத்தை விளங்கிக்கொள்ள அதுவே திறவுகோல். ஒரு பாத்தியில் நீர் வற்றுவதற்குப் பக்கத்துப் பாத்தியின் உதவி வேண்டியதில்லை. 100 பாத்திகள் இருந்தால் 100உம் ஒரே வெயிலில் தனித்தனியே விளையும். கடைசியில் வாரிக் குவிப்பது மட்டும் ஒன்றாக. துணிக்கைப் பௌதிகவியலின் தரவும் இப்படிப்பட்டது. ஒரு மோதல் மற்ற மோதலுக்குக் கடன்பட்டதல்ல. முதலாவது மோதலில் என்ன நடந்தது என்று தெரியாமலே இரண்டாவதைக் கணிக்கலாம். வானிலைக் கணிப்பு இப்படி இல்லை. மன்னார்க் கடல்மேல் உள்ள காற்று அடுத்த மணித்தியாலம் என்ன செய்யும் என்பதற்குப் பக்கத்துச் சதுரத்தின் காற்றைக் கேட்க வேண்டும். அங்கே கணினிகள் ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். நமது துறைக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் விலை குறைந்த சாதாரணக் கணினிகளைக் கூட்டமாக அடுக்கிப் பெரிய வேலை வாங்க முடிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உணர்கருவிக்குள் ஒரு மோதல் எப்படித் தோன்றும் என்று முழுமையாகப் பாவனை செய்ய ஒரு நிமிடம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எனக்கு 10 இலட்சம் மோதல்கள் தேவை. ஒரே செயலியில் ஓட்டினால் 10 இலட்சம் நிமிடம். அதாவது 694 நாள்கள். முதுமாணிப் படிப்பே முடிந்துவிடும். 500 செயலிகளுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 2,000 மோதல்கள். 33 மணித்தியாலம் 20 நிமிடம். வெள்ளி காலையில் அனுப்பினால் சனி பின்னேரம் விடை கையில்.

உலகளவில் இந்த வேலையை 40இற்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 கணிப்பு மையங்கள் பகிர்ந்துகொள்கின்றன. நமக்கு அண்மையில், மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சி.எம்.எஸ். பரிசோதனைக்கான மையம் ஒன்று இருக்கிறது. கொல்கத்தாவில் அலிஸ் என்ற இன்னொரு பரிசோதனைக்கு ஒன்று. இலங்கை 2017இல் சேர்னுடன் ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. இன்று சி.எம்.எஸ். வெளியிடும் ஆய்வுக் கட்டுரைகளின் நீண்ட ஆசிரியர் பட்டியலில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பெயரும், மாத்தறையிலுள்ள ருஹுணு பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையின் பெயரும் இடம்பெறுகின்றன. இது எங்கோ வெள்ளைக்காரர் செய்யும் வேலை என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பெண்கள் செய்யும் வேலையா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 2012 ஜூலை 4ஆம் திகதி ஹிக்ஸ் துணிக்கை கண்டுபிடிக்கப்பட்ட செய்தியை உலகுக்குச் சொன்ன இரு பேச்சாளர்களில் ஒருவர் ஃபபியோலா ஜியனொட்டி என்ற பெண். பின்னர் 2016 முதல் 2025 முடியும்வரை சேர்னின் பணிப்பாளர் நாயகமாக இருந்தவரும் அவரே.

இனி உள்ளே போவோம்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குழு ஒன்றில் சேர்ந்ததும் உங்களுக்குக் கொத்தில் ஒரு கணக்குத் திறந்து தருவார்கள். பயனர் பெயர், கடவுச்சொல். சி.எம்.எஸ். போன்ற ஒரு குழுவில் சேர்ந்தவருக்குச் சேர்னின் கணக்கும் கிடைக்கும். அங்கே எல்லோரும் நுழையும் வாசலுக்கு லக்ஸ்-பிளஸ் என்று பெயர். எந்த வாசலானாலும் நுழையும் முறை ஒன்றுதான். உங்கள் கணினியில் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, எஸ்-எஸ்-எச் என்ற கட்டளையை எழுதி, பக்கத்தில் பயனர் பெயரையும் வாசலின் முகவரியையும் கொடுப்பது. அதன்பின் நீங்கள் எழுதுவதெல்லாம் அங்கே எழுதப்படும். படம் இல்லை, சுட்டி இல்லை, எழுத்து மட்டும் போய்வரும். அதனால்தான் பழைய மடிகணினி போதுமாக இருக்கிறது. அதனால்தான் எழுவன்குளம் வீதியில் இரண்டு கோடு மட்டுமே காட்டும் தொலைபேசிச் சமிக்ஞையும் போதுமாக இருக்கிறது.

கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் திறவுகோல் சோடி ஒன்றையும் பாவிக்கலாம். அதில் ஒன்று பொதுவானது, மற்றது தனிப்பட்டது. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். பொதுவானதைப் பூட்டு என்று நினையுங்கள். அதைக் கொத்தின் கதவில் மாட்டக் கொடுத்துவிடுகிறீர்கள். தனிப்பட்டது சாவி, அது உங்கள் மடிகணினியை விட்டு வெளியே போகவே கூடாது. தோழிக்கு அவசரம் என்றாலும் கொடுக்கக் கூடாது. அந்தக் கணக்கு உங்கள் பெயரில் தரப்பட்ட அமானிதம். அதிலிருந்து எது நடந்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் லினக்ஸ். விண்டோசில் பழகிய கைக்கு முதல் வாரம் கொஞ்சம் தடுமாறும். ஆனால் தினமும் தேவைப்படும் கட்டளைகள் பத்துக்குள் அடங்கும். எங்கே நிற்கிறேன் என்று கேட்க பி-டபிள்யூ-டி, இங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க எல்-எஸ், இடம் மாற சி-டி, பிரதி எடுக்க சி-பி. அழிக்க ஆர்-எம்; இதை மட்டும் பயந்தே பாவியுங்கள். அங்கே குப்பைத்தொட்டி கிடையாது. அழித்தது அழித்ததுதான்.

நீங்கள் முதலில் வந்து நிற்கும் கணினி, வாசல் கணினி. அதே நேரத்தில் அதில் இன்னும் பலர் நிற்பார்கள். வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து பேசலாம், கடிதம் எழுதலாம். அடுப்பு மூட்டக் கூடாது. வாசல் கணினியும் அப்படித்தான். நிரலை எழுதலாம், திருத்தலாம், ஒரு நிமிடத்துக்கு ஓட்டிச் சரிபார்க்கலாம். பெரிய கணக்கை அதிலேயே ஓட்டினால் எல்லோருடைய விசையும் மந்தமாகிவிடும். நிருவாகி வந்து உங்கள் வேலையை நிறுத்துவார். அடுப்படி உள்ளே இருக்கிறது. அங்கேயுள்ள வேலைக் கணினிகளுக்கு நீங்கள் நேரே போவதில்லை, விண்ணப்பம் அனுப்புகிறீர்கள்.

விண்ணப்பம் என்பது ஒரு சிறிய கோப்பு. எனக்கு எத்தனை செயலி, எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம் வேண்டும், எந்த நிரலை ஓட்ட வேண்டும், விடையை எங்கே வைக்க வேண்டும் என்று அதில் எழுதுகிறோம். இதைப் பெற்றுக்கொண்டு வரிசைப்படுத்தும் மென்பொருளுக்கு இடத்துக்கு இடம் பெயர் வேறு. பல பல்கலைக்கழகங்களில் அது ஸ்லேர்ம், சேர்னில் எச்-டி-கொண்டோர். கொண்டோர் என்பது தென்னமெரிக்காவில் வாழும் பெரிய பிணந்தின்னிப் பறவை. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 1980களில் இந்த மென்பொருளை உருவாக்கியபோது, யாரும் பாவிக்காமல் சும்மா கிடக்கும் மேசைக் கணினிகளைத் தேடிப் போய் இறங்கி வேலை வாங்குவதே அதன் தொழில். பெயர் பொருத்தம்தான், அழகு குறைவென்றாலும்.

ஒவ்வொரு மென்பொருளிலும் மூன்று கட்டளைகள் தெரிந்தால் தொடங்கிவிடலாம்: அனுப்புவது, வரிசையைப் பார்ப்பது, திருப்பி எடுப்பது. ஸ்லேர்மில் அவை எஸ்-பட்ச், எஸ்-கியூ, எஸ்-கான்சல்.

வரிசை எப்படி நகர்கிறது என்று மாணவிகள் பலர் விளங்காமல் கோபப்படுகிறார்கள். "நான் முதலில் அனுப்பினேன், எனக்குப் பின்னால் வந்தவளுக்கு முதலில் கிடைத்துவிட்டதே!" 2022இல் பெற்றோலுக்கு நின்ற வரிசைகள் பெற்றோருக்கு மறந்திருக்காது. முதலில் வந்தவர் முதலில் என்று மட்டும் விட்டபோது என்ன நடந்தது என்று கண்டோம். அந்த ஆண்டு ஜூலையில் கியூ-ஆர் அட்டை வந்து, வாரத்துக்கு இவ்வளவு என்று பங்கு வைத்த பின்னரே வரிசை குறைந்தது. கொத்தின் மென்பொருளும் பங்கு பார்க்கிறது. கடந்த நாள்களில் நிறையப் பாவித்தவருக்கு முன்னுரிமை இறங்கும்; குறைவாகப் பாவித்தவருக்கு ஏறும். நாள் போகப் போகப் பழைய பாவனையின் நிறை குறைந்துகொண்டே வரும். இது யாருக்கும் எதிரான ஓரவஞ்சனை அல்ல. முதலாம் வருட மாணவியின் சிறு வேலையும் பேராசிரியரின் பெருவேலையும் ஒரே வாசலில் நிற்கும்போது, சிறியவளுக்கு இடம் கிடைப்பது இந்தக் கணக்கினால்தான்.

கேட்கும் அளவிலும் இங்கிதம் உண்டு. ஒரு மணித்தியால வேலைக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மூன்று நாள் கேட்டால், மூன்று நாள் ஒழியும் இடம் கிடைக்கும்வரை உங்கள் வேலை காத்துக் கிடக்கும். குறைத்துக் கேட்டால் நேரம் முடிந்ததும் வேலை பாதியில் வெட்டப்படும். நினைவகமும் அப்படித்தான். ஆகவே 100 மோதல்களை மட்டும் முதலில் ஓட்டி, எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்த்து, அதைப் பெருக்கி, மேலே கால்வாசி சேர்த்துக் கேட்பது என் வழக்கம். சோறு எத்தனை பேருக்கு என்று தெரியாமல் உலை வைப்பதில்லையே.

சேமிப்பிடத்தில் இரண்டு வகை இருக்கும். ஒன்று உங்கள் வீட்டு அடைவு. சிறியது, வழக்கமாகக் காப்புப் பிரதி எடுக்கப்படும். நிரல்களை அங்கே வையுங்கள். மற்றது வேலைத்தளம், பெரியது, ஆனால் குறிப்பிட்ட நாள்களுக்குப் பின் துடைக்கப்படலாம். தரவுக் கோப்புகளுக்கு அதுதான் இடம். ஆய்வேட்டின் ஒரே பிரதியை அதில் வைப்பது கடற்கரை மணலில் வீடு கட்டுவது மாதிரி.

உப்பளத்தில் பாத்திகள் எத்தனை இருந்தாலும் நீர் வரும் வாய்க்கால் ஒன்றுதான். கொத்திலும் 500 வேலைகள் ஒரே நொடியில் ஒரே களஞ்சியத்தில் ஒரே கோப்பைத் திறக்கப் பாய்ந்தால், செயலிகள் எல்லாம் சும்மா நிற்க வாய்க்கால்தான் அடைபடும். அதனால் ஒவ்வொரு வேலையும் தனக்குரிய பங்கை முதலில் வேலைக் கணினியின் சொந்தத் தட்டுக்கு இறக்கி, அங்கேயே கணித்து, முடிவை மட்டும் திருப்பி அனுப்பும்படி எழுதுவது நல்லது.

பாவனை செய்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கணினி தரும் எழுமாற்று எண்கள் உண்மையில் எழுமாறானவை அல்ல. விதை எண் ஒன்றிலிருந்து முளைப்பவை. விதை ஒன்றானால் விளைச்சலும் ஒன்று. 500 வேலைகளுக்கும் ஒரே விதையைக் கொடுத்தால், 10 இலட்சம் மோதல்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் ஒரே 2,000 மோதல்களின் 500 பிரதிகளாக இருக்கும். வழுக் கணிப்பு அழகாகச் சிறுத்துக் காட்டும், அத்தனையும் பொய். வேலையின் இலக்கத்தையே விதையாகக் கொடுத்துவிட்டால் இந்த ஆபத்து நீங்கும்.

வேலையை வரிசையில் விட்டபின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போகலாம். நம்மூரில் மின்சாரம் போனாலும், மடிகணினி அணைந்தாலும், அங்கே கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நான் இஷாவுக்குப் பிறகு அனுப்பிவிட்டுச் சுபஹுக்குப் பிறகு திறந்து பார்ப்பேன். பார்க்கும்போது முதலில் எண்ணுவது முடிவுகளை அல்ல, கோப்புகளை. 500 அனுப்பினால் 500 வந்ததா? 497 வந்திருந்தால், வராத மூன்றின் பிழைக் குறிப்பைத் திறந்து வாசித்து, அந்த மூன்றை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்றுதானே என்று விடக் கூடாது. வராமல் போனவை பெரும்பாலும் நேரம் அதிகம் பிடித்தவை. நேரம் அதிகம் பிடித்தவை துணிக்கைகள் அதிகம் சிதறிய மோதல்கள். அவற்றை விட்டால் விடை ஒரு பக்கம் சாயும்.

இதற்கெல்லாம் பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சேர்ன் 2014 நவம்பரில் தனது திறந்த தரவுக் களஞ்சியத்தைத் தொடங்கியது. சி.எம்.எஸ். உண்மையாகப் பதிந்த மோதல்களை யாரும் கட்டணமின்றி இறக்கலாம். அதில் கல்விக்கென்று சுருக்கிய கோப்பு ஒன்றில், இரண்டு மியூவன்கள் தோன்றிய ஓர் இலட்சம் நிகழ்வுகள் எக்ஸெல்லில் திறக்கக்கூடிய அட்டவணையாக இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காணொளியின் அளவுதான். மியூவன் நமக்கு அந்நியமானதல்ல. வானிலிருந்து பொழியும் கதிர்களால் உண்டாகி, நீட்டிய உள்ளங்கையைச் செக்கனுக்கு ஒன்று என்ற அளவில் துளைத்துப் போய்க்கொண்டே இருக்கிறது.

அட்டவணையில் ஒவ்வொரு மியூவனுக்கும் சக்தியும், உந்தத்தின் மூன்று கூறுகளும் தரப்பட்டிருக்கும். இரண்டு சக்திகளையும் கூட்டி வர்க்கியுங்கள். இரண்டு உந்தங்களையும் காவியாகக் கூட்டுங்கள். அதாவது கூறுக்குக் கூறு கூட்டி, பருமனின் வர்க்கத்தை எடுங்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால், அந்த இரண்டு மியூவன்களையும் பெற்றுவிட்டு மறைந்த துணிக்கையின் திணிவு வரும். உயர்தர இணைந்த கணிதத்தில் காவி படித்தவளுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. கோப்பின் கடைசி நிரலில் விடையும் இருக்கிறது. அதை மறைத்துவைத்து நீங்கள் கணித்தபின் ஒப்பிடுங்கள். 10 நிரைகளைக் கையால் செய்யுங்கள். பிறகு பைதனில் ஐந்தாறு வரி எழுதினால் ஓர் இலட்சமும் சில செக்கனில் முடியும்.

வந்த திணிவுகளை வலையுருவரையமாக வரையுங்கள். 3.1 ஜிகா இலத்திரன்வோல்ற்றில் ஒரு கூர்மையான மேடு எழும்பும். அது 1974இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்த ஜே-சை துணிக்கை. 9.5 அளவில் சிறு மேடுகள் சில. 91இல் அகன்ற மேடு ஒன்று. அது 1983இல் சேர்னில் கண்டுபிடிக்கப்பட்ட இசட் துணிக்கை. நமது பாடசாலைக் கணினி அறையில் இரண்டு பாடவேளைகளில் இது முடிகிற வேலை. ஓர் இலட்சத்தை 10,000 வீதம் பத்தாகப் பிரித்து, பத்து மாணவிகள் பத்துக் கணினியில் கணித்து, கடைசியில் பத்து வரையங்களையும் கூட்டிப் பாருங்கள். ஒருத்தி மட்டும் முழுவதையும் போட்ட வரையத்தோடு அது அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், யாருடைய பத்தாயிரம் இரண்டு தடவை எண்ணப்பட்டது, யாருடையது விடுபட்டது என்று தேடத் தொடங்குங்கள்.